கம்பத்து வாத்தியாரும் ஒரு ஜோடி பூட்ஸும்



போன வாரம் என் மகள் குடும்ப குரூப்பில் ஒரு போட்டோ போட்டுவிட்டாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கணுக்கால் வரை மூடிய பூட்ஸோடு கால்வாய்க் கரையில் நான் நிற்கிற படம். அதைப் பார்த்துவிட்டு எத்தனை போன்! "சார், மிலிட்டரியில சேந்துட்டீங்களா?" என்று ஒருவன். "மாமா, அடுத்து எவரெஸ்டா?" என்று தங்கை மகன். என் வீட்டுக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்த பூட்ஸ் எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியாது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும். வகுப்பில் 45 நிமிஷம் பொறுத்த பிள்ளைகள்தானே, இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

33 வருஷம் அறிவியல் பாடம் நடத்தினேன். அத்தனை வருஷமும் தோல் செருப்புதான். பூட்ஸ் என்பது என்.சி.சி. பையன்களுக்கும் போலீஸ்காரர்களுக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தேன். நடக்க நடக்க ஒரு ஆசையும் வந்தது: இளவயதில் போனதுபோல சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு நடந்தே ஏற வேண்டும்.

வெளியூரில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறையில், தமிழ்நாடு கேரள எல்லையில் இருக்கிறது அந்தக் கோயில். கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேல். பக்தர்களை வருஷத்தில் அந்த ஒரே நாள்தான் விடுவார்கள். குமுளியிலிருந்து ஜீப் போகும். நம் பக்கம் லோயர்கேம்ப் அருகே பளியன்குடியிலிருந்து காட்டுப்பாதை, ஆறு கிலோமீட்டருக்கு மேல், பெரும்பகுதி ஏற்றம். மதுரையை எரித்துவிட்டு வைகைக் கரையோடு மேற்கே நடந்து மலையேறியவள் கண்ணகி. அவளைப் பார்க்க ஜீப்பில் போவதா என்று எனக்கு ஒரு வீம்பு.

வீம்பு பிடித்தவன் செருப்பிலேயே போயிருக்கலாம். கோடைமழைக் காலம், பாதை வழுக்கும் என்று பயந்து, கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் ஒரு கடையில் பூட்ஸ் வாங்கினேன். விலை 900 ரூபாய். பெட்டியின் மேல் 'வாட்டர் ப்ரூஃப்' என்று பெரிதாக ஒட்டியிருந்தது. காலையில் டிபன் முடித்த கையோடு போனேன். "எட்டாம் நம்பர் குடுப்பா" என்றேன். உட்கார்ந்தபடியே காலை விட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. கட்டிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். இந்த நாலு வரியில் எத்தனை தப்பு இருக்கிறது என்று பின்னால் சொல்கிறேன்.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. தரிசனம் ஆயிற்று. இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பூட்ஸுக்குள் தண்ணீர் மேல்வாய் வழியாகவும் நாக்கின் ஓரம் வழியாகவும் இறங்கியது. உள்ளே வந்த தண்ணீர் வெளியே போகவில்லை. ஒவ்வொரு அடிக்கும் 'சளக் சளக்'. பாதி வழியில் வலது பூட்ஸின் அடிப்பாகம் வாயைப் பிளந்தது. தோளில் கிடந்த துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வலிக்கவே இல்லை.

வலிக்காததுதான் ஆபத்து என்று அறிவியல் வாத்தியாருக்கு அப்போது உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் ரத்தம். கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. குதிகாலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் வழண்டு கிடந்தது. நல்ல கால் உள்ள ஆளாக இருந்தால் முதல் கிலோமீட்டரிலேயே கத்தியிருப்பான். பல வருஷ சர்க்கரை என் பாதத்து நரம்புகளை மரக்க வைத்திருந்தது.

மஞ்சள் பத்துப் போட்டு மூன்று நாள் கழித்தேன். நாலாம் நாள் கால் வீங்கி, காய்ச்சலும் வந்தபிறகு மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா விரலை எடுக்க வேண்டியிருந்திருக்கும்" என்றார். என் வீட்டுக்காரம்மா அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கட்டுப்போட வந்த நர்ஸம்மா என் முகத்தைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். "சார், நீங்களா? என்னைத் தெரியுதா சார்?" என்றார். முகக்கவசத்தை இறக்கினார். தெரிந்தது. 1996இல் ஒன்பதாம் வகுப்பு, மூன்றாவது பெஞ்சு. பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

எனக்கு நா எழவில்லை. காரணம், அந்தப் பிள்ளையின் காலும் ஒரு ஜோடி பூட்ஸும் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இத்தனை வருஷமாக என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

நம் கம்பம் பள்ளத்தாக்கு உங்களுக்குத் தெரியும். கூடலூர், கம்பம், தேவாரம், போடி என்று எந்த ஊரானாலும் விடியுமுன் ஜீப்புகள் கிளம்பும். குமுளி வழியாக, கம்பம்மெட்டு வழியாக, போடிமெட்டு வழியாக அத்தனையும் ஏலத்தோட்டங்களுக்குப் போகும். போகிறவர்களில் பெரும்பாலும் பெண்கள். தென்மேற்குப் பருவமழை மலைக்கு மேலே கொட்டித் தீர்க்கும். இறங்கி நம் பக்கம் வரும்போது வெறும் சாரல். நாம் சாரலை ரசித்துக்கொண்டு பஜ்ஜி சாப்பிடும் நேரத்தில், மேலே நம் அக்கா தங்கச்சிமார் ஏலச்செடித் தூரில் குனிந்து, ஈர இலைச் சருகில், அட்டைக்கும் பாம்புக்கும் நடுவில் காய் பறித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் காலில் முழங்கால் வரை இருக்கும் ரப்பர் பூட்ஸ்தான் கம்பூட். கம்பத்துக்காரன் போடுவதால் கம்பூட் என்று சின்ன வயதில் நான் நினைத்ததுண்டு. அந்தக் காலத்தில் எல்லோரிடமும் அது இருக்காது. நிறையப் பேர் புகையிலையும் சுண்ணாம்பும் காலில் தடவிக்கொண்டுதான் போவார்கள்.

ஒரு ஜூலை மாதம், சாரல் நாள். அந்தப் பிள்ளை வகுப்புக்குக் கம்பூட் போட்டுக்கொண்டு வந்தது. அம்மாவுடையது, காலுக்குப் பெரிது. நடந்தால் 'டப் டப்' என்று சத்தம். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். "இது என்ன பள்ளிக்கூடமா, ஏலக்காடா? கழத்தி வெளியே வச்சிட்டு வா" என்றேன். பிள்ளை கழற்றி வராந்தா ஓரத்தில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு வந்து உட்கார்ந்தது. மறுநாளிலிருந்து ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை.

கட்டுப் போட்டு முடித்தபிறகு கேட்டேவிட்டேன். "அன்னிக்கு நான் அப்படிச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்காம்மா?"

"இருக்கு சார்."

"அவமானமா இருந்திருக்கும்."

"அதெல்லாம் பெருசா இல்ல சார். நீங்க எல்லாரையும்தான திட்டுவீங்க." சிரித்தபடி பஞ்சை மடித்தார். "அன்னிக்கு மழை சாஞ்சு அடிச்சுச்சு. பூட்ஸ் ரெண்டும் தண்ணி ரொம்பிப் போச்சு. அம்மாவுக்குக் காய்ச்சல்னு அன்னிக்கு வேலைக்குப் போகல, அதான் நான் போட்டுட்டு வந்தேன். மறுநாள் காலைல அஞ்சு மணி ஜீப்புக்கு அம்மா போகணும். ராத்திரி பூரா பேப்பரைக் கசக்கி உள்ள திணிச்சு, நனைஞ்சதும் எடுத்துட்டு வேற திணிச்சு காய வச்சேன். அப்படியும் காயல. அம்மா ஈரத்தோடவே போட்டுட்டுப் போச்சு. கால் விரலிடுக்கெல்லாம் வெந்து போயி சேத்துப்புண் வந்துருச்சு. ஒரு வாரம் அம்மாவுக்குப் பதிலா நான் தோட்டத்துக்குப் போனேன். அதான் சார் பள்ளிக்கூடம் வரல."

இத்தனை வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது பிள்ளை அவமானத்தில் வரவில்லை என்று. உண்மையில் ஒரு வாரக் கூலி, ஒரு தாயின் கால், ஒரு பிள்ளையின் படிப்பு மூன்றையும் அந்த வராந்தா ஓரத்தில் மழையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். "அட, விடுங்க சார், காலை ஆட்டாதீங்க" என்றார்.

புண் ஆற ஆறு வாரம் ஆனது. ஒவ்வொரு முறை கட்டு மாற்றும்போதும் எனக்கு ஒரு பாடம் நடந்தது. அதையும் நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன். சபரிமலை, சதுரகிரி, வெள்ளியங்கிரி என்று ஏறுகிறவர்களும், மேகமலை, டாப் ஸ்டேஷன் என்று சுற்றுகிறவர்களும் கவனியுங்கள்.

முதலில், வாங்குகிற நேரம். சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நின்று நடந்த கால் கொஞ்சம் உப்பியிருக்கும். மலையில் நடக்கும்போதும் அப்படித்தான் உப்பும். நான் காலையில் போனது முதல் தப்பு. நடக்கும்போது எந்த சாக்ஸ் போடுவீர்களோ அதையே போட்டுப் பாருங்கள். எழுந்து நின்று பாருங்கள். நான் மெல்லிய சாக்ஸோடு, உட்கார்ந்தே பார்த்தது இரண்டாவதும் மூன்றாவதும்.

நம்பரை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் எட்டும் இன்னொன்றின் எட்டும் ஒன்றல்ல. நம் நாட்டில் புழங்குவது வெளிநாட்டு அளவுமுறை. நம் கால்களோ பொதுவாக அகலமானவை. சென்னையில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல் கால் அளவெடுத்து, இந்தியர்களுக்கென்றே 'பா' என்று ஒரு அளவுமுறையை முன்மொழிந்திருக்கிறது. அது கடைக்கு வரும்வரை ஒரு சுலப வழி: வீட்டில் வெள்ளைத்தாளில் நின்று பாதத்தைப் பென்சிலால் வரைந்து, வெட்டி, கடைக்கு எடுத்துப் போங்கள். பூட்ஸின் உள்ளே இருக்கும் அட்டையை உருவி அதன்மேல் வைத்துப் பாருங்கள். தாள் வெளியே நீட்டினால் அந்த பூட்ஸ் வேண்டாம். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். கடையில் படிக்கட்டு இருந்தால் இறங்கிப் பாருங்கள். விரல் முன்னால் போய் இடித்தால் மலையில் நகம் போய்விடும். இறக்கம்தான் நகத்தைத் தின்னும், ஏற்றம் அல்ல.

அடுத்து அடிப்பாகம். 1935இல் இத்தாலியில் விட்டாலே பிரமானி என்ற மலையேறி தன்னோடு வந்தவர்களில் ஆறு பேரை ஆல்ப்ஸ் மலையில் பறிகொடுத்தார். பனிப்புயலில் மாட்டிக்கொண்டவர்களின் காலணி அந்தக் குளிருக்கும் பாறைக்கும் ஏற்றதாக இல்லை. அந்த வேதனையில் அவர் 1937இல் கொண்டுவந்ததுதான் கட்டை கட்டையாகப் பள்ளம் வெட்டிய ரப்பர் அடி. இன்று 300 ரூபாய் பூட்ஸிலும் அதே மாதிரிப் பள்ளம் இருக்கிறதே, அதன் மூலம் ஆறு உயிர். பள்ளம் ஆழமாக, இடைவெளி விட்டு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேறு அடைத்துக்கொள்ளும். பூட்ஸின் இரு முனையையும் பிடித்து ஈரத்துணி பிழிவதுபோல முறுக்குங்கள். சுலபமாக முறுகினால் கல்பாதைக்கு ஆகாது. மடித்தால் விரல்கள் தொடங்கும் இடத்தில் மடிய வேண்டும், நடுவில் மடியக் கூடாது.

இனி 'வாட்டர் ப்ரூஃப்'. இதில் மூன்று விதம். ஒன்று, முழு ரப்பர். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்கு சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்றார். பத்தாம் வகுப்பில் வல்கனைசேஷன் என்று எழுதி மார்க் வாங்கினீர்களே, அதேதான். 1853இல் பிரான்ஸில் ஹைரம் ஹட்சின்சன் அந்த முறையில் ரப்பர் பூட்ஸ் செய்யத் தொடங்கினார். உருவம் வெலிங்டன் பிரபு போட்ட தோல் பூட்ஸைப் பார்த்து வந்தது. குன்னூர் பக்கம் வெலிங்டன் என்று ஊர் இருக்கிறதே, அதே பிரபுதான். ஏலத்தோட்டத்துக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை, விலையும் குறைவு. ஆனால் வியர்வை போக வழியில்லை, குதிகால் உள்ளே நழுவும். நெடுந்தூர நடைக்கு ஆகாது.

இரண்டு, மேலே பூச்சு மட்டும் பூசியது. என் 900 ரூபாய் சரக்கு இந்த வகை. சாரல் தாங்கும், மழை தாங்காது. மூன்று, உள்ளே சவ்வு வைத்துத் தைத்தது. 1969இல் பாப் கோர் என்பவர் டெஃப்ளான் வகைப் பொருளைச் சட்டென்று இழுத்து நீட்டியபோது கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்ட சவ்வு கிடைத்தது. தண்ணீர்த் துளி நுழையாது, நீராவி வெளியேறும். இன்று அதே தத்துவத்தில் மலிவான சவ்வுகளும் வந்துவிட்டன. ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் வெளியேயும் ஈரம், உள்ளேயும் ஈரம் என்றால் ஆவி எங்கே போகும்? அதனால் விளம்பரத்தில் சொல்கிற அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். இந்த வகை வாங்கினால் நாக்கின் இரண்டு ஓரமும் மேலே வரை உடம்போடு சேர்த்துத் தைத்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். என் பூட்ஸில் அங்கேதான் ஓட்டை.

ஒன்றை மறக்காதீர்கள்: தண்ணீர் உள்ளே வராத பூட்ஸ், வந்த தண்ணீரை வெளியே விடாது. ஓடையில் முழங்கால் இறங்க வேண்டிய இடம் என்றால் சாதாரண வலைத்துணி ஷூவே மேல். நனையும், சீக்கிரம் காயும்.

அடி பிரியாமல் இருக்க, சாதாரண ஷூ வாங்கினால் தெருமுனையில் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் கொடுத்துச் சுற்றித் தையல் போடுங்கள். சவ்வு வைத்ததில் ஊசி போடாதீர்கள், அதுவே ஓட்டையாகும். வருஷக்கணக்கில் பரணில் கிடந்த பூட்ஸை எடுத்து நேராக மலைக்குப் போகாதீர்கள். பாலியூரித்தேன் என்ற அடிப்பொருள் காற்றின் ஈரத்திலேயே மெல்ல மெல்லச் சிதைந்து, ஒருநாள் ரஸ்க் மாதிரி உதிர்ந்துவிடும்.

புது பூட்ஸை முதல் நாள் அரைமணி, மறுநாள் ஒரு மணி என்று வீட்டிலேயே பழக்குங்கள், குறைந்தது இரண்டு வாரம். மூன்று நாளில் மலைக்குப் போனது என் கடைசித் தப்பு. பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு தோலை உரிக்கும். கம்பளி அல்லது செயற்கை இழை நல்லது. சர்க்கரை உள்ளவர்கள் வெளிர் நிறத்தில் வாங்குங்கள், ரத்தம் கசிந்தால் உடனே தெரியும். போடுமுன் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். கழற்றியதும் பாதத்தை, விரலிடுக்கோடு, கண்ணால் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள். நனைந்தால் அடுப்பு, வெயில் கூடாது. பேப்பரைக் கசக்கித் திணித்து, நனைந்ததும் மாற்றி, நிழலில் காய வையுங்கள். இதைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

நல்ல பூட்ஸ் இருக்கிறது என்பதற்காகக் காட்டுக்குள் நுழைந்துவிடாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல் போனார்கள். நல்ல பூட்ஸ் போட்டிருந்த பிள்ளைகளும் அதில் இருந்திருப்பார்கள். இப்போது வனத்துறை அனுமதியோடும் வழிகாட்டியோடும் போக 'ட்ரெக் தமிழ்நாடு' இருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கினார்கள். நம் மாவட்டத்துப் பாதைகளும் அதில் உண்டு. முறையாகப் போங்கள்.

போட்டோவில் நீங்கள் பார்த்தது சவ்வு வைத்த வகை. தள்ளுபடியில் இரண்டாயிரத்துச் சொச்சம். எட்டு அல்ல, ஒன்பதாம் நம்பர். கால்வாய்க் கரையில் பழக்கிக்கொண்டிருக்கிறேன். அடுத்த சித்ரா பௌர்ணமிக்கு டாக்டர் சம்மதித்தால் நடை, இல்லாவிட்டால் வீம்பு இல்லாமல் ஜீப்.

கால் ஆறியதும் நானும் வீட்டுக்காரம்மாவும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. முழங்கால் வலி, தோட்டத்துக்குப் போவதை நிறுத்தி வருஷங்கள் ஆகின்றன. நான் விஷயத்தைத் தொடங்கியதும், "அந்த பூட்ஸா? ஆட்டுக் கொட்டத்துலதான் கெடக்கும், தண்ணி மோக்க வச்சிருந்தோம்" என்றார். பிறகு என் காலைக் காட்டச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலிடுக்கைப் பிரித்து, நிதானமாகப் பார்த்தார். "ஆறிருச்சு வாத்தியாரய்யா. ஈரம் மட்டும் ஆகாது" என்றார்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ யாராவது நாளைக் காலை ஜீப்பில் மலைக்குப் போகிறவர்கள் இருந்தால், இன்று ராத்திரி அவர்களுடைய பூட்ஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடியில் பள்ளம் தேய்ந்திருக்கிறதா, கணுக்காலில் கீறல் விட்டிருக்கிறதா, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்திருந்தால் புதிது வாங்கிக் கொடுங்கள். பருவமழை தொடங்கிவிட்டது.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்